துப்பாக்கிப் போட்டிக்கும் ஓர் அளவுகோல்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பணியாற்றும் பிட்டரையோ டர்னரையோ கேட்டுப் பாருங்கள். "கேஜ்" என்றால் என்ன என்பதை அவர் உடனே விளக்கிவிடுவார். எஃகினால் மிகத் துல்லியமாகச் செய்த ஒரு சிறு உருளை அது. அதன் ஒரு முனை, பொருளில் இட்ட துளைக்குள் தடையின்றி நுழைய வேண்டும். மற்றொரு முனை நுழையவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் துளை சரி. துளையிட்டவர் மூத்த தொழிலாளியா, நேற்று வேலைக்குச் சேர்ந்த பயிற்சியாளரா என்பது கேஜுக்குத் தெரியாது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் பொம்மசந்திராவில் செய்த போல்ட்டு, ஓசூரில் செய்த நட்டில் பொருந்துவதற்குக் காரணம் இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றாக இருப்பதே.

இரும்புத் துண்டை அளக்கக் கேஜ் உண்டு. மனிதனின் திறமையை அளக்க அப்படியொரு கருவி செய்ய முடியுமா? நூறு மீட்டர் ஓட்டத்திற்கு நாடாவும் நேரமானியும் போதும். ஆனால், விரைவும் வேண்டும், குறி தவறாமையும் வேண்டும் என்ற இரட்டைத் திறமையை எப்படி அளப்பது? ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறதே! இந்தச் சிக்கலுக்கு அழகான விடை ஒன்றைத் தந்திருக்கிறது ஒரு விளையாட்டு. அதுவே கைத்துப்பாக்கிச் சுடுதல். அதன் "நிலையான களம்" எவ்வாறு அமைக்கப்படுகிறது, எவ்வாறு சுடப்படுகிறது, அதன் பின்னுள்ள அறிவியல் என்ன என்பவற்றை இங்கே காண்போம்.

ஒவ்வொரு களமும் வேறு, ஒப்பிடுவது எப்படி?

1976ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் ஒரு மாநாடு கூடியது. பல நாட்டுச் சுடுநர்கள் அதில் கலந்துகொண்டு ஐ.பி.எஸ்.சி. எனப்படும் பன்னாட்டுச் செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பை நிறுவினர். ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், விரைவு என்ற பொருள் தரும் மூன்று இலத்தீன் சொற்கள் அக்கூட்டமைப்பின் குறிக்கோளுரை.

இவ்விளையாட்டில் வீரர் ஒரே இடத்தில் நின்று ஒரே வட்டத்தைச் சுடுவதில்லை. நகர்ந்து, திரும்பி, மறைப்புக்குப் பின்னால் குனிந்து, பல இலக்குகளைச் சுட வேண்டும். போட்டிக்குப் போட்டி களத்தின் அமைப்பு வேண்டுமென்றே மாற்றப்படும். விளையாட்டின் சுவையே அதில்தான் இருக்கிறது. ஆனால் அதனால் ஒரு குறையும் நேர்கிறது. சென்ற மாதம் ஓர் ஊரில் நடந்த போட்டியின் எண்ணை, இந்த மாதம் வேறோர் ஊரில் நடந்த போட்டியின் எண்ணுடன் ஒப்பிட முடியாது. வெவ்வேறு வினாத்தாள்களை எழுதிய மாணவர்களைத் தரவரிசைப்படுத்துவது போன்றது இது.

ஆகவே சில களங்கள் மட்டும் நிலையானவை என வகுக்கப்பட்டன. வரைபடம் ஒன்று, தொலைவு ஒன்று, விதி ஒன்று. எந்த நாட்டில், எந்த ஆண்டில் அமைத்தாலும் அவை மாறக் கூடாது. ஒருவர் எடுத்த எண், அந்தக் களத்தில் எட்டப்பட்ட உயர் அளவில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். 95 விழுக்காடும் அதற்கு மேலும் பெறுபவர் கிராண்ட் மாஸ்டர், 85இலிருந்து மாஸ்டர், 75இலிருந்து "ஏ" வகுப்பு, 60இலிருந்து "பி", 40இலிருந்து "சி", அதற்குக் கீழ் "டி". கேஜ் என்று நாம் சொன்னது இதைத்தான்.

களம் அமைத்தல்

இவற்றுள் மிகப் பழையதும் புகழ் பெற்றதும் "எல் பிரசிடெண்டே" என்பது. 1970களில் ஜெஃப் கூப்பர் வகுத்தது. இதற்கு வேண்டியவை மிகச் சில. அட்டையால் செய்த மூன்று இலக்குகள் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து சுமார் பத்து மீட்டர் தொலைவில் வீரர் நிற்கும் இடம். இலக்குகளுக்குப் பின்னால் குண்டுகளை ஏற்று நிறுத்தும் உயர்ந்த மண்மேடு. இவ்வளவுதான்.

வீரர் இலக்குகளுக்கு முதுகு காட்டி, கைகளை உயர்த்தி நிற்பார். கைத்துப்பாக்கி இடுப்பிலுள்ள உறையில் இருக்கும். ஒலி எழுந்ததும் திரும்பி, துப்பாக்கியை உருவி, ஒவ்வோர் இலக்கிலும் இரண்டு குண்டுகள் சுட வேண்டும். பிறகு தோட்டாக்கூட்டை மாற்றிவிட்டு, மீண்டும் ஒவ்வொன்றிலும் இரண்டு சுட வேண்டும். ஆக மொத்தம் 12 குண்டுகள். பத்து வினாடிக்குள் முடித்தால் நல்ல திறமை என்று தொடக்கக் காலத்தில் கருதப்பட்டது.

எளிமையான அமைப்புத்தானே, கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டரில் நிற்க வேண்டிய இலக்கை அமைப்பாளர் ஒன்பது மீட்டரில் நிறுத்திவிட்டார் என்று கொள்வோம். பார்வைக்கு இலக்கின் அகலமும் உயரமும் 11 விழுக்காடு கூடிவிடும். பரப்போ தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. எனவே 100ஐ 81ஆல் வகுக்க, சுமார் 23 விழுக்காடு கூடுகிறது. ஒரு மீட்டர் பிழை, இலக்கை ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாக்கிவிடுகிறது! அந்தக் களத்தில் சுட்டவர் தமக்கு உரிமையில்லாத வகுப்பைப் பெறுவார். வேறோர் ஊரில் சரியான களத்தில் சுட்டவர், தாம் எந்தத் தவறும் செய்யாமலே, அவருக்குப் பின்னால் தள்ளப்படுவார்.

அதனால்தான் இலக்குக் கால்களின் இடத்தைத் தரையில் அடையாளமிட்டு வைக்கிறார்கள். காற்றில் சாய்ந்தாலும் மீண்டும் அதே இடத்தில் நிறுத்தலாம். ஒவ்வொரு வீரர் சுட்டபின்பும் துளைகள் ஒட்டுத்தாளால் மூடப்படுகின்றன. இல்லையேல் முன்னவரின் துளை பின்னவர் கணக்கில் சேர்ந்துவிடும். விதிகள் எழுதப்பட்ட தாளிலிருந்து எல்லாருக்கும் ஒரே சொற்களில் படிக்கப்படுகின்றன.

கட்டளையும் பாதுகாப்பும்

களத்தில் ஒவ்வொரு வீரருடனும் ஒரு நடுவர் செல்வார். அவர் சொல்லும் கட்டளைகளும் நிலையானவையே. முதலில் தோட்டாவை நிரப்பித் தயாராகும்படி சொல்வார். பின் "தயாரா?" என்று கேட்பார். அடுத்து "காத்திருங்கள்" என்பார். ஓரிரு வினாடிகளில் அவர் கையிலுள்ள மின்னணு நேரமானி ஒலி எழுப்பும். அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவே வீரர் முன்கூட்டி ஊகித்துப் புறப்பட முடியாது. நேரமானிக்குள் இருக்கும் ஒலிவாங்கி ஒவ்வொரு வெடியோசையையும் பதிவு செய்து, கடைசி ஓசையின் நேரத்தை வினாடியின் நூறில் ஒரு பங்குவரை காட்டும்.

சுட்டு முடிந்ததும் துப்பாக்கி வெறுமையாக இருப்பதை வீரர் நடுவருக்குக் காட்ட வேண்டும். அதன் பின்னரே "களம் பாதுகாப்பானது" என்ற அறிவிப்பு வரும். அதற்கு முன் ஒருவரும் இலக்கை நோக்கி ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது.

மண்மேட்டை நோக்கிய திசையிலிருந்து எப்பக்கமும் 90 பாகைக்கு மேல் துப்பாக்கி வாய் திரும்பினால் போட்டியிலிருந்து நீக்கம். இதனால்தான் எல் பிரசிடெண்டேயில் உடல் திரும்பிய பின்னரே துப்பாக்கியை உருவ வேண்டும் என்ற விதி. நகரும்போதோ தோட்டாக்கூட்டை மாற்றும்போதோ விரல் விசைவில்லின் மேல் இருந்தால் நீக்கம். நிரப்பிய துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தாலும் நீக்கம். கண்ணாடியும் காதுக்காப்பும் அனைவருக்கும் கட்டாயம். எச்சரிக்கை, இரண்டாம் வாய்ப்பு என்ற பேச்சே இங்கு இல்லை. லேத்தில் தளர்ந்த சட்டைக் கையுடன் நிற்பவரை "இந்த ஒருமுறை மட்டும்" என்று விடலாகாது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

மதிப்பெண்ணை நேரத்தால் வகுத்தல்

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். விரைவையும் துல்லியத்தையும் ஒரே எண்ணில் எப்படிச் சொல்வது?

இலக்கின் நடுப்பகுதி "ஏ". அங்கு பட்டால் 5 மதிப்பெண். அதைச் சூழ்ந்த "சி" பகுதிக்கு 3. ஓரத்திலுள்ள "டி" பகுதிக்கு 1. படாமல் போன ஒவ்வொரு குண்டுக்கும் 10 கழிக்கப்படும். இவ்வாறு கிடைத்த மொத்தத்தை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்க வேண்டும். வரும் ஈவு "வினாடிக்கு இத்தனை மதிப்பெண்" என்பதைக் காட்டும்.

மூன்று வீரர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் பொறுமைசாலி. 12 குண்டுகளும் நடுப்பகுதியில். மொத்தம் 60 மதிப்பெண்; நேரம் 10 வினாடி. ஈவு 6.00. இரண்டாமவர் சற்று விரைந்தார். எட்டு "ஏ", மூன்று "சி", ஒரு "டி". மொத்தம் 50, நேரம் 7 வினாடி. ஈவு 7.14. மூன்றாமவர் மின்னல் வேகக்காரர். ஐந்தரை வினாடியில் முடித்துவிட்டார். ஆனால் ஆறு "ஏ", நான்கு "சி", இரண்டு தவறிவிட்டன. 42இல் 20 போக மீதி 22. ஈவு 4.00.

உயர்ந்த ஈவு பெற்ற இரண்டாமவருக்குக் களத்தின் முழு மதிப்பான 60 புள்ளிகளும் கிடைக்கும். முதலாமவர் அவரில் 84 விழுக்காடு; எனவே 50.4 புள்ளி. மூன்றாமவர் 56 விழுக்காடு, 33.6 புள்ளி.

பார்த்தீர்களா? குறியே தவறாதவர் இரண்டாமிடம்; எல்லாரையும் முந்தியவர் கடைசி இடம். தம் கட்டுப்பாட்டின் எல்லையை அறிந்து, அந்த எல்லைவரை மட்டும் விரைந்தவரே வென்றார். இந்த வகுத்தல் கணக்கு அளப்பது வேகத்தையும் அன்று, துல்லியத்தையும் அன்று; இரண்டுக்கும் இடையே எங்கே நிற்பது என்று முடிவு செய்யும் அறிவையே அளக்கிறது.

உந்தமும் கணக்கில் சேரும்

இன்னொரு நியாயமும் உண்டு. வலுக் குறைந்த தோட்டாவைப் பயன்படுத்துபவரின் துப்பாக்கி குறைவாகவே உதைக்கும்; அவர் அடுத்த குண்டை எளிதில் சுடலாம். இதைச் சரிசெய்ய "ஆற்றல் காரணி" என்ற ஓர் எண்ணை வைத்துள்ளனர். பெயர் ஆற்றல் என்றாலும், உண்மையில் அது உந்தமே. அதாவது குண்டின் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கியது. துப்பாக்கியின் உதைப்பைத் தீர்மானிப்பது இயங்கு ஆற்றல் அன்று, உந்தம் என்பதை நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த மாணவர் அறிவர்.

குண்டின் நிறையைக் கிரெயின் அளவிலும், வேகத்தை வினாடிக்கு அடி அளவிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், குறைந்தது 125 வர வேண்டும். நம் அளவுகளில் மாற்றினால் சுமார் 2.47 கிலோகிராம்-மீட்டர்/வினாடி. 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் எவ்வளவு உந்தமோ, ஏறத்தாழ அவ்வளவு. ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியை அது வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப் பார்க்கும். வெளியேறும் வாயு அதனுடன் இன்னும் சிறிது சேர்க்கும். இந்த உதைப்பைத் தாங்கி, கை மீண்டும் அதே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். "மேஜர்" எனப்படும் உயர்ந்த உந்த வகையில் சுடுபவருக்கு "சி" பகுதியில் 3க்குப் பதில் 4, "டி" பகுதியில் 1க்குப் பதில் 2 மதிப்பெண். அதிக உதைப்பைத் தாங்கியதற்கான ஈடு அது. நடுப்பகுதிக்கு மட்டும் இருவருக்கும் 5தான்.

நம் நாட்டின் களம்: 25 மீட்டர்

இந்தியாவில் இத்தகைய செயல்முறைப் போட்டிக்குத் தடைகள் உண்டு. அதில் பெரும்பாலும் பயன்படும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, நம் ஆயுதச் சட்டத்தின்கீழ் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் இருக்கிறது. ஆனால் அதே கொள்கையில் அமைந்த வேறொரு களத்தில் நம் நாட்டவர் உலகப் புகழ் பெற்றிருக்கின்றனர். அது ஒலிம்பிக் 25 மீட்டர் விரைவுச் சுடுதல்.

ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 75 செ.மீ. தரையிலிருந்து உயரம் 1.40 மீட்டர். வீரர் கையை 45 பாகை தாழ்த்தி நிற்பார். சிவப்பு விளக்கு எரிந்து ஏழு வினாடிகள் கழிந்ததும் பச்சை விளக்கு. உடனே கையை உயர்த்தி, ஓர் இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டுகள். முதலில் 8 வினாடி, பிறகு 6, பிறகு 4. இங்கே நேரத்தால் வகுப்பதில்லை. நேரத்தை முன்னரே கட்டி வைத்துவிட்டுத் துல்லியத்தை மட்டும் எண்ணுகிறார்கள்.

இதில் கை எவ்வளவு நகர வேண்டும்? 25 மீட்டரில் 75 செ.மீ. என்பது 1.7 பாகை. கையின் நீளம் 70 செ.மீ. என்றால், ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்ல மணிக்கட்டு சுமார் இரண்டு செ.மீ. நகர்ந்தால் போதும். ஆனால் எவ்வளவு துல்லியமாக? பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10 செ.மீ. முன்காட்டிக்கும் பின்காட்டிக்கும் இடைத்தொலைவு 20 செ.மீ. என்று கொண்டால், அவற்றின் வரிசையில் 0.4 மி.மீ. பிசகினாலே குண்டு வட்டத்தின் விளிம்புக்குச் சென்றுவிடும். 0.4 மி.மீ. என்பது இயந்திரத் தொழிலாளிக்குப் பெரிய பிழை; நான்கு வினாடியில் ஐந்து இலக்கைச் சுடுபவரின் நீட்டிய கைக்கோ அது மிகக் குறுகிய எல்லை.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், இந்தியத் தரைப்படையைச் சேர்ந்த விஜய்குமார் இக்களத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். இறுதிச் சுற்றின் 40 குண்டுகளில் 30 கணக்கில் சேர்ந்தன. தங்கம் வென்ற கியூபா நாட்டு லேயுரிஸ் பூபோ பெற்றது 34. 2018ஆம் ஆண்டு கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் அனிஷ் பன்வாலா தமது 15ஆம் வயதில் இதே களத்தில் தங்கம் வென்றார். வயதைக் கேட்கவில்லை அளவுகோல்!

அளவுகோல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் இக்களமே சான்று. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே 25 மீட்டர் விரைவுச் சுடுதல் இருந்தது. ஆனால் அன்று மதிப்பெண் கணக்கிட்ட முறையே வேறு. எனவே அன்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. 2005ஆம் ஆண்டில் தோட்டாவின் வகையும் விசைவில்லின் எடையும் மாற்றப்பட்டபோது, பழைய உலகச் சாதனைகளை மூடிவிட்டுப் புதிய கணக்குத் தொடங்கினர்.

எல்லையில் வாழும் இளைஞர்க்கு

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கும் ஒரு மாணவர் இந்த விளையாட்டில் ஈடுபட விரும்பினால் வழி உண்டு. தொடக்கம் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. அதன் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு சட்டைப் பொத்தான் அளவு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது இப்பிரிவில்தான். பயிற்சியை அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் சுடுதளத்தில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் பொருந்தும். 21 வயது நிறையாதவருக்கு உரிமம் இல்லை. எனினும், விதிகளுக்கு உட்பட்டு மேற்பார்வையுடன் பயிற்சி பெறச் சட்டம் இடம் தருகிறது. உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைவது பேருந்துப் பயணிக்குச் சில நிமிட வேலை. தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமம் வைத்திருப்பவருக்கோ அது சட்டத்தின் கோடு.

ஆனால், துப்பாக்கி தாண்ட முடியாத எல்லையை எண் தாண்டும். சரியாக அளந்த களத்தில் எடுத்த மதிப்பெண் எங்கும் செல்லுபடியாகும். பெரிய நகரத்தில் பிறக்காதவருக்கும், பரிந்துரைக்க ஆளில்லாதவருக்கும் அந்த எண்ணே பரிந்துரை. களத்தை ஒரு மீட்டர் நகர்த்தும் அமைப்பாளர் பறிப்பது இதைத்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த அளவுகோலின் நுட்பத்தை உணரத் துப்பாக்கி வேண்டியதில்லை. பள்ளி மைதானத்தில் மூன்று பழைய கூடைகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நாடாவால் அளந்து மூன்று மீட்டர் தொலைவில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஆறு டென்னிஸ் பந்துகளை ஒரு கூடைக்கு இரண்டாக எறியுங்கள். உள்ளே விழுந்தால் 5. கூடையில் பட்டு வெளியே விழுந்தால் 3. படாவிட்டால் கழித்தல் 10. நண்பர் கைப்பேசியில் நேரம் பார்க்கட்டும். மொத்தத்தை வினாடியால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெதுவாக எறியுங்கள், பிறகு விரைவாக, பிறகு இன்னும் விரைவாக. பத்து முறை செய்து, நேரத்தைக் கிடைக்கோட்டிலும் ஈவைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைபடம் போடுங்கள். ஓர் இடத்தில் உச்சம் தோன்றும். உங்கள் கைக்கு ஏற்ற வேகம் அது. அடுத்த நாள் கோட்டை அரை மீட்டர் முன்னால் போட்டுப் பாருங்கள். உச்சம் உயர்ந்துவிடும், உங்கள் திறமையோ ஓர் அணுவும் உயர்ந்திராது.